திருடன் தேய்த்துக் கொடுத்த கோட்டு

ஒரு பயணம் முழுக்க அதிகாரியாக இருந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

பெரிய தீர்மானம்தான். வேறு வழியில்லை. என் மனைவி கப்பலுக்கு வருகிறாள்.

நான் பயணிகள் கப்பலில் வேலை பார்க்கிறேன். அதில் பொய் இல்லை. அதிகாரிகளின் வெள்ளை உடுப்புக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அதிலும் பொய் இல்லை. நான் கை வைக்காவிட்டால் கேப்டன் அறையை விட்டு வெளியே வர முடியாது. அதுவும் உண்மை. வெறும் பனியனோடு எப்படி வருவார்? கப்பலின் அடித்தட்டில், இன்ஜின் அறைக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் நாள் முழுக்க நின்றுகொண்டு துணி தேய்க்கிற சலவைக்காரன் நான். பெண் பார்க்கப் போனபோது இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. மற்றதைக் கேட்ட மாமனார், "அப்போ மாப்பிள்ளை ஆபீசர்!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று குனிந்த தலையை நிமிர்த்தச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் புயலும் திமிங்கலமுமாக அள்ளி விடுவேன். கேப்டன் என் தோளில் கை போட்டு, "நீயே சொல்லுப்பா, இடது பக்கம் திருப்பலாமா, வலது பக்கம் திருப்பலாமா?" என்று கேட்டதைச் சொல்லுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். என் மனைவி பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே, "அப்புறம்?" என்பாள். அவள் கணக்கு டீச்சர். அந்த "அப்புறம்?" இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்னொரு புயல் தானாக வந்துவிடும்.

பரீட்சை ஹாலில் அவள் காவல் நின்றால் பிள்ளைகளுக்குக் குலை நடுங்கும். பிட் அடிக்கிறவனை, பிட்டை வெளியே எடுப்பதற்கு முன்பே பிடித்துவிடுவாள். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"பிட் அடிக்கிறவன் என்னைப் பாக்க மாட்டான். அடிக்கப் போறவன் என்னையேதான் பாத்துக்கிட்டு இருப்பான்."

அதைக் கேட்ட நாளிலிருந்து அவளைப் பார்க்கலாமா கூடாதா என்பதே எனக்குக் குழப்பம்.

இப்படிப்பட்டவளிடம்தான் கம்பெனிக்காரர்கள் போன் செய்து, ஊழியர்கள் இந்தத் தடவை மனைவியை இலவசமாகக் கப்பலில் அழைத்து வரலாம், தனி அறை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமான்னு சொல்லிட்டேங்க. பிள்ளைங்களைத் தங்கச்சி பாத்துக்குவா."

"போன்ல பேசினது யாரு? வேற என்ன சொன்னாங்க?"

"உங்க வேலையைப் பத்தி ரொம்ப உயர்வாச் சொன்னாங்க."

நான் சட்டென்று பேச்சைத் திமிங்கலத்துக்குத் திருப்பினேன்.

லீவு முடிந்து கப்பலுக்குத் திரும்பியதும் ரொட்டிக்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் கப்பல் சமையலறையில் ரொட்டி சுடுகிறவர். என்னோடு ஒரே அறையில் படுக்கிறவர். என்னைவிட இளையவர், என்னைப்போல இரண்டு மடங்கு அகலமானவர்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்கண்ணே."

"உண்மையைச் சொல்ற வயசாய்யா எனக்கு?"

"கோட்டு போட்டா மட்டும் ஆபீசர் ஆயிட முடியுமா?"

"கோட்டு போட்டாத்தான்யா கேப்டனே கேப்டன். கோட்டு இல்லாம அவரைப் பாத்தவன் நான். சொல்றேன், கேளு."

கோட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. கப்பலில் யாருடைய தோள் எவ்வளவு, யாருடைய தொந்தி எவ்வளவு என்று அவர்களுடைய பெண்டாட்டிகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் இன்ஜினியரும் நானும் அளவில் இரட்டைப் பிள்ளைகள். அவர் எந்நேரமும் நீல வேலை உடுப்பில் இன்ஜினுக்கு அடியில் கிடப்பவர். வெள்ளைக் கோட்டு என்றால் பயணத்தின் கடைசி நாள் விருந்துக்குத்தான் கேட்பார். அதுவரை அது என் அறையில் கொக்கியில் சும்மா தொங்கும். தோளில் தங்கக் கோடு வேறு. நான் திருடவில்லை. சும்மா தொங்கியதற்கு ஒரு வேலை கொடுத்தேன்.

ஆனால் அந்தக் கோட்டைக் கையில் எடுத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இடது கையில் ஓர் எண்ணெய்க் கறை, வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது பொத்தான் வேறு ஏதோ சட்டையிலிருந்து வந்த அகதி. பையோரம் கிழிசல். இதைப் போட்டுக்கொண்டு பெண்டாட்டி முன்னால் போய் நிற்பதா? உட்கார்ந்து கறையை எடுத்தேன். பொத்தானை மாற்றினேன். கிழிசலை இழை தெரியாமல் தைத்தேன். அளவாகக் கஞ்சி போட்டு, மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும் என்கிற மாதிரி தேய்த்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பயணிகளின் சாப்பாட்டு அறைக்கு அதிகாரிகள் வரமாட்டார்கள். ஆகவே அங்கேதான் சாப்பாடு என்று முடிவு. பரிமாறுகிறவர்களை முன்கூட்டியே சரிக்கட்டிவிட்டேன். அவர்கள் சட்டைகளுக்கெல்லாம் முதல்தரக் கஞ்சி. பதிலுக்கு என்னைக் கண்டால் ஒரு சலாம். ஒப்பந்தம் அவ்வளவுதான். பாவிகள் ஆர்வக் கோளாறில் மிஞ்சிவிட்டார்கள். சூப் வைக்கும்போது சலாம், ஸ்பூன் வைக்கும்போது சலாம். ஒருவன் சலாம் வைக்கிற வேகத்தில் கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேஜையில் கவிழ்த்தான்.

"ரொம்ப மரியாதையா இருக்காங்க," என்றாள் மனைவி.

"கண்டிப்பான ஆளுன்னு பேரு எனக்கு."

"கோட்டு உங்களுக்கு அப்படியே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குங்க."

"அளவெடுத்துத்தானே தைப்பாங்க?"

அறைக்கு வந்ததும் கோட்டை வாங்கி அவளே மாட்டினாள். தோளைத் தடவிப் பார்த்தாள். காலரைத் தூக்கிப் பார்த்தாள். "நல்ல துணி," என்றாள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் காட்சிக்காகத்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

மறுநாள் காலையில், "மெஷின் பக்கம் போறேன், வெள்ளைக் கோட்டு அழுக்காயிடும்," என்று சொல்லிவிட்டு, கோட்டை அறையிலேயே விட்டுவிட்டுக் கீழே போனேன். பனியனோடு படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மூன்றாம் இன்ஜினியர். மீசை முழுக்க கிரீஸ்.

"என் வெள்ளைக் கோட்டை எடுய்யா. கேப்டன் வரச் சொல்லியிருக்காரு."

இன்னும் காயவில்லை என்று சொல்லியிருக்கலாம். கஞ்சியில் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். மாமனாரிடமே சமாளித்த வாய் என் வாய். அது அன்றைக்கு என்ன சொல்லிற்று தெரியுமா?

"காணோம் சார்."

"காணோமா? திருட்டா? நம்ம கப்பல்லயா?"

அவர் போட்ட சத்தத்தில் இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. படிக்கட்டில் தடதடவென்று மேலே ஏறிப் போனார். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு வழியாக ஓடினேன். அவளுக்குத் தெரிவதற்குள் கோட்டை அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அறைக்குள் நுழைந்தால் மனைவி கட்டிலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். கண்கள் பளபளக்கின்றன.

"என்னங்க, விஷயம் தெரியுமா? கப்பல்ல திருட்டு நடந்திருக்கு!"

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே."

"மேல்தளத்துல அந்த இன்ஜினியர் பாவம், அழாத குறையா நிக்கிறாரு. நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன்."

"நீ எதுக்கு?"

"வருஷம் பூரா பிட் பிடிக்கிறேன், ஒரு கோட்டைப் பிடிக்க மாட்டேனா? அவரும் 'டீச்சர் இருக்கும்போது எனக்கென்ன கவலை'ன்னுட்டார். நீங்க எனக்கு உதவியா இருங்க."

"எனக்கு ட்யூட்டி இருக்கும்மா."

"திருடனைப் பிடிக்கிறதைவிட ஆபீசருக்கு என்ன ட்யூட்டி?"

உலகத்தில் எத்தனையோ திருடர்கள் இருக்கிறார்கள். தன்னைத் தானே தேடிப் பிடிப்பதற்கு எடுபிடியாக நியமிக்கப்பட்ட திருடன் நான் ஒருவன்தான்.

"சரி, அடையாளம் என்னவாம்?" என்றேன், குரலை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டு.

"தோள்ல தங்கக் கோடு. மூணாவது பட்டன் மட்டும் வேற. இடது கையில எண்ணெய்க் கறை. பையில கிழிசல்." சொல்லிக்கொண்டே கொக்கியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். "ஏங்க, கிட்டத்தட்ட உங்க கோட்டு மாதிரியே இருக்குமோ?"

"எல்லார் கோட்டும் ஒரே மாதிரிதான்."

அவள் எழுந்து போய் மூன்றாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்களுது சுத்தமா இருக்கு. அவரு இப்படியெல்லாம் வச்சுக்கிற ஆளில்லை," என்று உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது வந்த கையோடு அறிவையும் கூட்டி வந்திருக்கலாம். வரவில்லை. மத்தியானம் அவள் குளிக்கப் போன நேரத்தில் கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். சுருட்டிய கோட்டை அப்படியே இன்ஜினியர் அறைக் கதவில் மாட்டிவிட்டு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சுருட்டியதில் முதுகில் சுருக்கம் விழுந்திருந்தது. சுருக்கம் விழுந்த கோட்டை என் கையால் கொண்டுபோய் மாட்டுவதா? மறுபடியும் ஒருமுறை தேய்த்து, தோள் தொங்காமல் நல்ல மர மாட்டியில் போட்டு, அதன்மேல் தூசி படாமல் ஒரு மெல்லிய துணியும் போர்த்தி, கதவில் மாட்டிவிட்டு ஓடி வந்தேன்.

சாயங்காலம் மேல்தளத்தில் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு கூட்டம். இன்ஜினியர் நடுவில். பக்கத்தில் என் மனைவி. கோட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். "திருடன் கோட்டைத் திருப்பிக் குடுத்துட்டான்."

"நல்லதாப் போச்சு. கேஸ் முடிஞ்சுது."

"இப்பத்தாங்க ஆரம்பிக்குது. இங்க பாருங்க. கறையை எடுத்திருக்கான். பட்டன் மாத்தியிருக்கான். கிழிசல் இருந்த இடமே தெரியலை. எந்த ஊர்லங்க திருடன் துணியைத் தேய்ச்சுக் குடுப்பான்?"

"நல்ல திருடனா இருப்பான்."

"இது வருஷக்கணக்கா இதே வேலையைச் செய்யற கை. இப்படி ஒரு கை இந்தக் கப்பல்ல எத்தனை பேருக்கு இருக்கும்?"

"ஒருத்தனுக்குத்தான்!" என்று இன்ஜினியர் துள்ளினார். "கீழே இருக்கானே, சலவைக்காரன்! கேப்டன்கிட்ட சொல்லி அடுத்த துறைமுகத்துலயே மூட்டை கட்டச் சொல்லிடலாம்!" மீசைக்குக் கீழே அவர் உதடு கோணிக்கொண்டது. கோபம் என்று நினைத்தேன்.

வேலை போனால் பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது? திமிங்கலத்தையா சமைத்துப் போட முடியும்?

"உங்க கோட்டு எங்கங்க?" என்றாள் மனைவி திடீரென்று.

"என் கோட்டா? சலவைக்குப் போட்டிருக்கேன்."

"யார்கிட்ட? அந்த ஆள்கிட்டயா? போச்சு! திருடன் கையிலேயே கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்களே!"

"அவன் திருடன் இல்லை!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் கத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மனைவி என்னைத் தனியாகக் கைப்பிடிச் சுவர் ஓரம் கூட்டிக்கொண்டு போனாள்.

"எதுக்குங்க அந்த ஆளுக்கு இவ்வளவு வக்காலத்து?"

"தெரியாமப் பேசாதே. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் கிடையாது, தெரியுமா? கடல்லயே இருப்பான், கடலைப் பாக்க மாட்டான். நாள் பூரா நின்னு நின்னு காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கும். இங்க ஒவ்வொருத்தனும் மார்பை நிமித்திக்கிட்டு நடக்கிறானே, அந்த மார்பு அவன் தேய்ச்ச மார்பு. ஒருத்தனாவது அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பானா? 'யோவ் இஸ்திரி'தான். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, அவனும் ஒரு நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால நடக்கணும்னு ஆசைப்பட்டா அது பெரிய குத்தமா?"

கடல் காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

"குத்தம் இல்லைதான்," என்றாள். "இருந்தாலும் அந்த ஆளை ஒரு தடவை நேர்ல பாக்கணும். நாளைக்குக் காலையில கீழே கூட்டிட்டுப் போங்க."

அதாவது, என்னிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ரொட்டிக்காரர் காலில் விழாத குறை.

"நாளைக்கு ஒரு நாள் நீதான்யா சலவைக்காரன்."

"அண்ணே, எனக்கு நடிக்க வராதுண்ணே. பொய் சொன்னா எனக்கு விக்கல் வரும்."

"நீ பேசவே வேண்டாம். என் அறையில சும்மா நில்லு. அவ ஏதாவது கேட்டா தலையாட்டு. 'கோட்டு கீழே விழுந்து கிடந்தது, எடுத்துத் தேய்ச்சு மாட்டினேன்'னு ஒரு வரி. மன்னிச்சு விட்டுடுவா. இளகின மனசு."

"அம்மா இஸ்திரி போடச் சொன்னா?"

"எதுக்குய்யா சொல்லப் போறா?"

மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன். கோட்டு சலவையில் இருப்பதாகச் சொல்லிவிட்டதால் வெறும் சட்டை. அவள் தோளில் ஒரு துணிப்பை. கீழே இறங்க இறங்கச் சூடு ஏறியது. "ஏயப்பா, இவ்வளவு வெக்கையா?" என்றாள். "அந்த ஆளுக்குப் பழகியிருக்கும்," என்றேன்.

ரொட்டிக்காரர் மேஜைக்குப் பின்னால் நின்றார். அறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றார். முழங்கை வரைக்கும் மாவு. துடைக்க மறந்திருக்கிறார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் அதைக் கஞ்சி என்று சொல்ல நினைத்து விக்கினார்.

"நீங்கதானா சலவைக்காரர்?"

"விக்... ஆமாம்மா."

"அந்தக் கோட்டைத் தேய்ச்சது நீங்கதானா?"

"விக்."

"சரி, நான் எதையும் விசாரிக்கப் போறதில்லை." பையைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள். அவள் கல்யாணப் பட்டு. அரக்கு நிறம், கையகல ஜரிகை. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிற புடவை. "இதை மட்டும் தேய்ச்சுக் குடுங்க. போதும்."

ரொட்டிக்காரர் புடவையை வாங்கினார். மேஜையில் போட்டார். எப்படிப் போட்டார் தெரியுமா? மாவு உருண்டையைப் போடுகிற மாதிரி, தொப்பென்று. பிறகு இரண்டு கையாலும் அமுக்கிப் பிசைந்தார். நான் பல்லைக் கடித்தேன். செம்பிலிருந்து தண்ணீரை அள்ளினார்.

"தண்ணி வேண்டாமே," என்றேன் மெதுவாக. "பட்டு பாருங்க. திட்டு விழும்."

"அவர் வேலை அவருக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க," என்றாள் மனைவி.

சும்மா இருந்தேன். ஜரிகை மேல்பக்கமாகக் கிடந்தது. சும்மா இருந்தேன். ரொட்டிக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். அது என் பெட்டி. படுக்கை விரிப்புக்கு வைக்கிற முழுச் சூட்டில் நேற்று வைத்துவிட்டுப் போனது. ஜரிகைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண். மனக்கண்ணில் புகையைப் பார்த்தேன். இந்தப் பக்கம் என் மானம், என் கோட்டு, நான் கட்டிய கப்பல் கதை அத்தனையும். அந்தப் பக்கம் அவள் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்த புடவை.

"நிறுத்துய்யா!"

பாய்ந்தேன். பெட்டியைப் பிடுங்கினேன். ரொட்டிக்காரரை எப்படித் தள்ளினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரைத் தள்ள நாலு பேர் வேண்டும்.

"பட்டு மேல நேராவாய்யா வைப்ப? ஜரிகையைப் புரட்டிப் போடணும்யா! மேல மெல்லிசா ஒரு பருத்தித் துணி போடணும்! இழை போற பக்கமாத்தான் கை போகணும்! அமுக்கக் கூடாது, தடவணும்! குழந்தை முதுகைத் தடவுற மாதிரி! எத்தனை வருஷமா இந்த வேலையைச் செய்யறேன், என் மேஜையிலேயே வந்து என் பெண்டாட்டி புடவையை..."

பேசிக்கொண்டே புடவையைப் புரட்டி, துணி போட்டு, பெட்டியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். சுருக்கம் அப்படியே இருந்தது. இன்னொரு இழுப்பு. போகவில்லை. பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன்.

சில்லென்று இருந்தது.

பிளக் தரையில் கிடந்தது.

நிமிர்ந்தேன். ரொட்டிக்காரர் கூரையைப் பார்த்தார். வாசலில் மூன்றாம் இன்ஜினியர் வெள்ளைக் கோட்டோடு நின்றார். கோணிக்கொண்ட உதட்டை இப்போது அவர் மறைக்கவில்லை.

"பிளக்கைச் சொருகிட்டு மேல போடுங்க," என்றாள் என் மனைவி. "நல்லாத்தான் வந்துக்கிட்டு இருக்கு."

"மன்னிச்சிடுங்கண்ணே," என்றார் ரொட்டிக்காரர். "நேத்தே அம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டேன். விக்கல் தாங்கலை." உண்மையைச் சொன்னதும் அவருக்கு விக்கல் நின்றுவிட்டது.

அவர்கள் இருவரும் போனபிறகு நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"கோட்டா? முதல் நாளே. காலருக்குள்ள மூணு சிவப்புத் தையல். யார் துணி எதுன்னு தெரியறதுக்காக நீங்களே போட்டது, மூணாம் இன்ஜினியருக்கு மூணு. காலையில முதல் வேலையா விசாரிச்சுக்கிட்டு அவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். 'அதானே, என் கோட்டு சாப்பாட்டு அறையில சூப்பு குடிக்குதுன்னு கேள்விப்பட்டேன்'னு சிரிச்சார். அப்புறம்தான் அவரைக் கீழே அனுப்பிக் கேக்கச் சொன்னேன்."

"அப்போ திருட்டு, புகார், அடுத்த துறைமுகம்...?"

"நல்லா நடிச்சார், இல்லை?"

இன்னொன்றைக் கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"நீங்க துணி தேய்க்கிறவர்னு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுங்க. அப்பா துறைமுகத்துக்குப் போய் விசாரிச்சுட்டு வந்து சொன்னார். 'மாப்பிள்ளை கப்பல்ல இஸ்திரி போடறார், பொய்யும் கொஞ்சம் பேசறார், வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லை'ன்னார். நான்தான் சரின்னேன்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் 'அப்புறம்? அப்புறம்?'ன்னு கேட்டே?"

"கதை நல்லா இருந்ததே. சொல்றப்ப உங்க முகத்தை நீங்க பாத்ததில்லை. லீவுல வர்ற மனுஷன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அடுத்தவங்க கோட்டை எடுத்தீங்களே, அது கதை இல்லைங்க. வேற யார் கண்ணிலயாவது பட்டிருந்தா வேலை போயிருக்கும். அதான் கொஞ்சம் பயமுறுத்தினேன்."

"நானே சொல்லியிருக்கணும்."

"சொன்னீங்களே. நேத்து மேல, காத்து கண்ணுல பட்டப்ப. அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே அதைச் சொல்லியிருந்தா எனக்கு இன்னும் பிடிச்சிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை காற்று இல்லாத அறை. சொல்வதற்குச் சாக்கு இல்லை. அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"வீட்ல ஏன் ஒரு நாள்கூட என்னை ஒரு கைக்குட்டையைக்கூடத் தேய்க்கச் சொல்லலை?"

"ஆபீசரை எப்படிங்க இஸ்திரி போடச் சொல்றது?"

அதுவரை எந்தப் புயலிலும் ஆடாத நெஞ்சு எனக்கு ஆடிப்போயிற்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உணர்ச்சிவசப்பட்டவன் எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

"இனிமே உனக்கு ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. உன் துணி எல்லாத்தையும் நானே தேய்க்கிறேன். உன்னுது மட்டும் இல்லை, நம்ம வீட்ல யாருக்கு வேணும்னாலும், எவ்வளவு வேணும்னாலும்."

"நெசமாவா?"

"சத்தியமா."

"கொஞ்சம் இருங்க," என்று எழுந்து மேலே போனாள். நான் பட்டுப் புடவையை ஒழுங்காகத் தேய்த்து மடித்து வைத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. மனசு பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன்.

படிக்கட்டில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. இன்ஜினியரும் ரொட்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ஊரிலிருந்து கிளம்பும்போதே அவள் கட்டிக்கொண்டு வந்த தேய்க்காத துணி மூட்டை. பிரித்தபோது எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து வீட்டு ஜன்னல் திரைகள் இருந்தன.